ஈரக்காற்றில் பிரைமர் அடிக்கக் கூடாது

பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கியதும் குளிப்பாட்ட வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். பல பேருக்கு இது தெரியாது. அச்சிலிருந்து வரும்போதே ஒரு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வரும்; அதன் மேல் எந்த வண்ணமும் நிற்காது. சோப்புத் தண்ணீரில் தேய்த்து, உலரவிட்டு, அப்புறம்தான் கறுப்பு பிரைமரை ஸ்பிரே அடிக்க வேண்டும். அந்த முதல் பூச்சு சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

என் கால் ஆடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். நான் வேலை பார்க்கும் பல் செட் லேபில் எனக்குப் பம்பரம் என்றே பெயர். மனைவிகூடச் சிரிப்பாள், "கொஞ்ச நேரம் ஒரு இடத்துல இருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று. கட்டைவிரல் உயரச் சிப்பாயைக் கையில் பிடித்து, அவன் கண்ணுக்குள் தூரிகை நுனியால் கருவிழி வைக்கும்போது மட்டும்தான் என் உடம்பு அடங்கும்.

மேசை மேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டுக்கானவை அவை. நான் விளையாடுவதில்லை. கண்ட கையும் பட்டால் ஈட்டி முனையில் வண்ணம் உதிரும். மாமனார் வரும்போதெல்லாம் கேட்பார், "என்ன மாப்பிள்ளை, உங்க பட்டாளம் எப்பத்தான் சண்டைக்குக் கிளம்பும்?" நல்ல மனிதர். இடுப்பெலும்பு முறிந்தது அவர் தவறா என்ன.

முறிந்த பிறகு மனைவி சொன்னாள். "அப்பா இனிமே தனியா இருக்க முடியாதுங்க. நீங்க பெயிண்ட் அடிக்கிற பின்னாடி ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடலாம். ஹால்ல ஜன்னலோரமா உங்களுக்கு ஒரு மேசை போட்டுத் தரேன். வெளிச்சமும் நல்லா வரும்."

"ஹால்ல டிவி ஓடும்."

"சத்தம் கம்மியா வெச்சுக்கச் சொல்றேன்."

நியாயமாகத்தான் பேசினாள். எப்போதும் அப்படித்தான். மறுநாள் லேபிலிருந்து வந்து பார்த்தால், சிப்பாய்களை ஒவ்வொருவனாகப் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுகூட உடையல, பாருங்க" என்றாள். பஞ்சு இழை வாளில் சிக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது. இருப்புக்கொள்ளாமல் ஹாலுக்கும் அறைக்கும் நடந்தேன். குழாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

மாமனார் வருவதற்கு முந்தைய நாள் ஒரே மழை. ஈரக்காற்று பட்டால் பிரைமர் சொரசொரத்துப் போகும். வழக்கமாக மொட்டைமாடியில்தான் அடிப்பேன். அவளுக்கு வீசிங் உண்டு, அந்த வாடை ஆகாது. ஒருமுறை அதனாலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் அறை கைவிட்டுப் போவதற்குள் ஒரு வரிசையையாவது முடிக்க வேண்டாமா? பெட்டியைப் பிரித்தேன். சாரல் வராமல் ஜன்னலைச் சாத்தினேன். தூசி வராமல் கதவைத் தாழிட்டேன். கதவுக்கு அடியில் இடைவெளி உண்டு. சிப்பாய்கள் மேல் காற்று படக் கூடாது என்று மேசை விசிறியைக் கதவுப் பக்கம் திருப்பினேன். முகமூடி போட்டுக்கொண்டேன்.

முதலில் இருமல் கேட்டது. "ஏங்க, வாடை வருது" என்றாள். "இதோ, ஒரு நிமிஷம்" என்றேன். இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். "என் இன்ஹேலரைப் பாத்தீங்களா?" அவள் முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது. அப்புறம் கதவைத் தட்டினாள். நான் கொடி பிடிக்கும் சிப்பாயின் முதுகுக்கு வந்திருந்தேன். ஸ்பிரேயைப் பாதியில் நிறுத்தினால் திட்டாகிவிடும். என் உடம்பு அவ்வளவு அடங்கி இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாமனார் இப்போது அந்த அறையில்தான் இருக்கிறார். அழுது ஓய்ந்தபின் என் தோளைத் தொட்டு, "மாப்பிள்ளை, நீங்களாவது ஒரு வாய் சாப்பிடுங்க" என்கிறார். சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்டது அதுவல்ல, தெரியும். அவள் கையிலிருந்த இன்ஹேலர் மேல் எப்படிக் கறுப்புப் புள்ளிகள் வந்தன என்று கேட்டீர்கள். பிரைமர் புகை மாதிரி மிதந்து எல்லாவற்றின் மேலும் படியும். இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது, வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். அது ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது, அவளே எடுத்துக்கொண்டாள் என்று நேற்று சொன்னேன். அது பொய். அவள் கைக்குக் கிடைக்கக் கூடாது என்றுதான், ஸ்பிரே டப்பாவைக் குலுக்கும் முன்பே ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்தேன். எல்லாம் ஓய்ந்த பிறகு கதவைத் திறந்து, அவள் விரல்களை மடக்கி அதைப் பிடிக்க வைத்ததும் நான்தான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் கதவை மெதுவாகத்தான் தட்டினாள். உண்மையிலேயே மூச்சு முட்டியிருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பாள், நானும் உடனே திறந்திருப்பேன்.