இரண்டு கோடு போட்ட பிரசவத் தாள்

என் பெயர் பதூல், தகப்பனார் பெயர் தாஹிர், வயது 46. சூடான் நாட்டில் ஷெண்டி அருகே உம் ஸயால் கிராமத்தில் குடியிருந்து, அங்குள்ள பிரசவ விடுதியில் இருபத்திரண்டு வருடமாக மருத்துவச்சியாக வேலை பார்த்து வருகிறேன். என் அஜாக்கிரதையால் குழந்தை இறந்ததாக எங்கள் விடுதி டாக்டர் முஃதஸிம் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது. கோபமாகத்தான் சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளவும்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இக்பால் என்ற பெண்ணை அவள் கணவர் பாபிகிர் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவந்தார். நான் பிரசவத் தாளை எடுத்து, கருப்பை வாய் நாலு செ.மீ. திறந்ததற்குப் புள்ளி வைத்தேன். மணிக்கு ஒரு செ.மீ. திறக்க வேண்டும் என்ற கணக்கில் அந்தத் தாளில் சாய்வாக இரண்டு கோடு உண்டு. புள்ளி முதல் கோட்டைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், இரண்டாவதைத் தாண்டினால் ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். பத்து மணிக்கு ஐந்துதான் திறந்திருந்தது, முதல் கோடு தாண்டிவிட்டது. உடனே போன் செய்தேன். டாக்டர் விடுதியின் ஒரே வண்டியோடு கல்யாண வீட்டில் இருந்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு மணிக்குப் பார்த்ததில் ஆறு, இரண்டாவது கோடும் போயிற்று, 120க்குக் கீழே இறங்கக் கூடாத குழந்தையின் துடிப்பு 96. மறுபடி கூப்பிட்டேன். "இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன். உன் கோடு என்ன ஓடியா போயிடும்?" என்றார். "கோடு ஓடாது டாக்டர், புள்ளதான் போயிடும்" என்றேன். மூன்று மணிக்குத் துடிப்பு கேட்கவில்லை. டாக்டர் மூன்று இருபதுக்கு வந்து, மூன்று நாற்பதுக்குக் கருவி வைத்து இழுத்தார். உயிரில்லை. ஆண் குழந்தை. நான்தான் கழுவி வெள்ளைத்துணி சுற்றினேன். இக்பால் என் முந்தானையை விடவேயில்லை.

அதன் பிறகு டாக்டர் என் தாளைக் கிழித்துத் தேநீர் அடுப்பில் போட்டு, வெற்றுத் தாள் ஒன்றை நீட்டி, "கோடு தாண்டாம அழகா எழுதிக் குடு, உனக்கும் நல்லது" என்றார். "என் கை வராது" என்றேன். அவரே உட்கார்ந்து எழுதி என் பெயரைப் போட்டார்.

தாங்கள் காட்டும் தாள் அதுதான். எல்லாப் புள்ளியும் ஒரே பேனா, ஒரே மூச்சு. அரைமணிக்கொருமுறை துடிப்பு எழுதும் வரிசையைப் பார்க்கவும். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிற கை அது, வரிசை முடிகிறவரை நிற்காது. மூன்றரைக்கு 140. நாலுக்கு 140. நாலரைக்கு 142.

நாலு மணிக்கு அந்தக் குழந்தையைப் பாபிகிர் கையில் ஏந்தி அடக்கம் செய்ய மையவாடிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைக் கேட்கவும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட நேரம் பகல் 11.20 என்பதையும் எழுதச் சொன்னேன்.

(ஒப்பம்) பதூல் தாஹிர்