சும்மா இருக்க ஒரு விசா

ஒட்டுக் கேட்பது கெட்ட பழக்கம். ஐம்பது வயதாகியும் நான் விடவில்லை. ஹட்டன் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த கணவன் மனைவி, புது விசா படிவத்தோடு பேசிக்கொண்டு வந்தார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன மனைவியை லண்டன் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"மக வீட்டுல எல்லா வேலையும் செய்வேன்னா சொல்லுவ? வேலைக்கு வந்தவன்னு அந்த ஏர்போர்ட் ஆபீசர் நெனச்சிட்டான். இந்தத் தடவ சும்மா இருக்க வந்தேன்னு சொல்லு, லெச்சுமி."

"முப்பது வருசம் தேயிலக் கொழுந்து எடுத்தவ, கூசாம எப்படிங்க அப்படிச் சொல்றது?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"புள்ளையத் தூக்கினா, அதுவும் வேலையாங்க?"

"அது வேலையில்ல. நீ ஆச தீரத் தூக்கு."

நடத்துனர் என் தோளைத் தட்டினார்.

"நீங்க எறங்க வேண்டிய நோர்வூட் எப்பவோ போயிருச்சு சேர். நீங்களும் சும்மாதான் வந்தீங்களா?"