நாலாவது தூக்குவாளி

வலது தோள்பட்டையில் ஒரு வலி இருக்கிறது. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கும்போது பிடிக்கும். நாள் முழுக்க மவுஸ் பிடிப்பதால் வருவது என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பா கடப்பாரை பிடித்தவர், அம்மா மண் சுமந்தவள். இரண்டு பேரும் தோள் வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்குக் கூலி இல்லை. நான் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பாதித்த வலி இது.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை சார், நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சின்னப்பா. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஓஸ்வால்ட் அண்ணன் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகு போட்டோஷாப் வேலை எல்லாம் என்னிடம் வந்தது. கல்யாணப் படத்தில் தலைக்கு மேலே தொங்கும் ஒயரை எடுப்பேன். மூடின கண்ணைத் திறப்பேன். சண்டை போட்டுக்கொண்டு போன மச்சானை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்களைக் கொஞ்சம் நெருக்கி நிறுத்துவேன். இடைவெளியே தெரியாது. "சின்னப்பா கையில குடுத்தா மாமியாரையே காணாம அடிச்சிடுவான், யாருக்காவது வேணுமா?" என்று ஓஸ்வால்ட் அண்ணன் வருகிறவர்களிடம் சொல்வார். பெண்கள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

ஹரிஷ்குமார் எங்களுக்கு வாடிக்கை. கன்னடக்காரர், யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார், வேலையைக் கெலசம் என்பார். விவேக் நகர் பக்கம் அப்பார்ட்மெண்ட் கட்டிக்கொண்டிருந்த கம்பெனியின் இன்ஜினியர். ஃபிளாட் வாங்குகிறவர்களுக்குக் காட்ட மாதாமாதம் சைட் படம் கொண்டுவருவார். தகரக் கொட்டகை, கொடியில் காயும் புடவை, டிரம் மறைவில் குளிக்கிற பெண், எல்லாவற்றையும் நான் எடுத்துவிடுவேன். நான் பிறந்து வளர்ந்தது அந்த மாதிரிக் கொட்டகைகளில்தான். அதற்காக வருத்தப்பட்டதில்லை. பணம் கொடுத்து வீடு வாங்குகிறவன் அதை எதற்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு வியாழக்கிழமை. ஓஸ்வால்ட் அண்ணன் குழந்தை இயேசு கோயிலில் நவநாளுக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஹரிஷ்குமார் செருப்பெல்லாம் செம்மண்ணாக உள்ளே வந்து கேமராவை மேஜைமேல் வைத்தார்.

"குரு, ஒரு சின்ன கெலசம். உடனே வேணும்."

சைட்டில் பேஸ்மெண்ட்டுக்குத் தோண்டிய பள்ளம் சரிந்துவிட்டது. ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், தீயணைப்புக்காரர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். உள்ளே எத்தனை பேர், எங்கே நின்றார்கள் என்று அவர்கள் கேட்கிறார்களாம். காலையில் அவரே ஆபீசுக்காக எடுத்த படம் கேமராவில் இருந்தது. அதைத் திறந்தேன்.

பள்ளத்தில் நாலு பேர். மூன்று பேர் ஏணிப் பக்கம். ஒருவன் மட்டும் தள்ளி, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியில், மண்வெட்டியோடு நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவன் இருக்கக் கூடாது," என்றார் ஹரிஷ்குமார்.

"இவரும் உள்ளதானே சார் இருக்காரு?"

"போயிட்டான் குரு. அவ்வளவு மண்ணுக்கு எவன் தாங்குவான்? நாம அந்த மூலையில பக்கத்துக்காரன் ஜாகாவுக்குள்ளயே தோண்டிட்டோம். அங்க கை வெச்சா அந்தச் சுவரு வரும், கேஸு வரும், வேலை நிக்கும். இன்னிக்குத்தான் வேற சைட்லேருந்து வந்தான். பேருகூட யாருக்கும் தெரியாது."

அவர் என்னை மிரட்டவில்லை. அதிகமாகத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் வேலை நின்றால் எங்கள் ஸ்டுடியோவில் பாதி வேலை நிற்கும். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. மண்ணில் இறங்காத முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

ஆளை எடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் இருக்கிற மண்ணைத் தொட்டு எடுத்து அவன்மேல் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் கால், பிறகு இடுப்பு, நெஞ்சு. முகத்தைக் கடைசியில் மூடினேன். மூன்று பேரில் ஒருவனைக் கொஞ்சம் நகர்த்தி, ஏணியை இந்தப் பக்கம் இழுத்தேன். பள்ளமே அவ்வளவுதான் என்று தோன்றியது.

"சூப்பர், பிரிண்ட் போடு," என்றார் ஹரிஷ்குமார்.

நான் போடவில்லை. படத்தில் இன்னொன்று இருந்தது. பள்ளத்தின் மேலே ஒரு கம்பியில் தூக்குவாளிகள் வரிசையாகத் தொங்கின. மண் வேலைக்குப் போகிறவர்கள் பள்ளத்தில் இறங்கும் முன்பு சோற்றை மேலே மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். தலைக்கு ஒரு வாளி. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாளி கம்பியிலேயே தொங்கினால், அந்த ஆளைத் தேடுவார்கள். இன்ஜினியருக்கு இது தெரியாது. அவர் பார்த்தது மனிதர்களை. படத்தில் மூன்று பேர் இருந்தார்கள், நாலு வாளிகள் இருந்தன.

"இருங்க சார், ஒண்ணு பாக்கி," என்றேன்.

நாலாவது வாளியையும் எடுத்தேன். மற்ற மூன்றையும் சம இடைவெளியில் தள்ளி மாட்டினேன். ஹரிஷ்குமாருக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் என் முதுகில் தட்டி, "நீ இருக்க வேண்டிய இடமே வேற குரு," என்றார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை.

காலை நேரம் மூலையில் அச்சாகியிருந்ததால் அந்தப் படத்தை எல்லோரும் நம்பினார்கள். மண் சுமந்த பெண் ஒருத்தி நாலு பேர் நாலு பேர் என்று கத்தியிருக்கிறாள். கம்பியும் வாளிகளும் மண்ணோடு சரிந்துபோயிருந்தன, படத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். அவள் வாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். ஹரிஷ்குமார்தான் பின்னால் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று சாயங்காலம் சைட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. ஏணிப் பக்கம் மூன்று உடல்களையும் எடுத்து முடித்திருந்தார்கள். தண்ணீர் இறைக்கிற பம்பு ஓடிக்கொண்டிருந்தது. டீசல் தீர்ந்து அது நின்றது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக். சுவர் மூலையிலிருந்து வந்தது.

தீயணைப்புக்காரர்களில் வயதான ஒருவர் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். என் பக்கத்தில்தான் நின்றார்.

"ஏம்ப்பா, உனக்குக் கேக்குதா? என்ன அது?"

"கம்பி சார்," என்றேன். "பகலெல்லாம் காஞ்சதில்ல? வெயில் எறங்கினா சுருங்கும், இப்படித்தான் சத்தம் வரும். எங்கப்பா இந்த வேலைதான், எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த வேலை செய்கிறவன் மகனின் முகம்தான், அதில் சந்தேகம் வராது. கையை இறக்கினார். டீசல் ஊற்றிப் பம்பை ஓட்டினார்கள். மறுநாள் அந்த மூலையை மண் போட்டு நிரப்பி, மேலே கான்கிரீட் கொட்டிவிட்டார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

என் அப்பா ஒருமுறை ஓசூர்ப் பக்கம் கிணற்று வேலையில் மண்ணுக்குள் போனவர். காலையில் சரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாளி மிஞ்சித் தொங்குவதைக் கண்டு தேடினார்கள். பொழுது சாய்ந்த பிறகு உயிரோடு எடுத்தார்கள். மண்ணுக்குள் இருக்கிறவன் கத்த மாட்டான், கத்தினால் மூச்சு போய்விடும், கைக்குக் கிடைத்ததை வைத்துத் தட்டுவான் என்று அப்பா சொல்வார். நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம்.

சில வாரம் கழித்து ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெயர் மரகதம். நெற்றியில் பொட்டு இருந்தது. புருஷன் முனியப்பன் அந்த வியாழக்கிழமை ஏதோ புது சைட்டில் வேலை என்று போனவர் திரும்பவில்லை என்றாள்.

"எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டான்னு சொல்றாங்கண்ணா. அதுக்கெல்லாம் தெகிரியம் உள்ள ஆளில்ல அது. ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கணும்னா போட்டோ கேக்கறாங்க. எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது."

யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். முன்னால் ஒரு பருத்த ஆள் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் தெரிந்தன.

"இந்தாளு முன்னாடி மறைச்சிக்கிட்டு நிக்கிறாரு. நீங்க ஆளை எடுத்துருவீங்களாமே. இவரை எடுத்துட்டா பின்னாடி அவரு தெரிவாரில்ல?"

"எடுக்கலாம்மா. எடுத்தா பின்னாடி ஒண்ணும் இருக்காது."

"இருக்காருண்ணா. அங்கதான் நின்னாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

கம்ப்யூட்டர் அப்படி வேலை செய்யாது என்று பொறுமையாகப் புரியவைத்தேன். கேட்டுக்கொண்டாள். படத்தை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இந்தப் பொட்டை வெச்சுக்கறதா அழிக்கறதா, அதையாவது யாராச்சும் சொன்னா பரவாயில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து என் கம்ப்யூட்டரைக் கை நீட்டித் தொடலாம். முனியப்பன் முழு முகமும் அதற்குள் இருந்தது. வேலையை ஆரம்பிக்கும் முன்பு அசல் படத்தைத் தனியாக எடுத்து வைப்பது என் பழக்கம்.

இப்போது அவள் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறாள். வியாழக்கிழமைகளில் பார்க்கிறேன். பொட்டு இன்னும் இருக்கிறது.

எனக்கு வேலை ஓடவில்லை சார். மவுஸை இரண்டு முறை தட்டினால், கொஞ்சம் இடைவெளி விட்டு மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு முறை பதில் வருகிறது. தோள் வலிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

அந்த அசல் படத்தை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடவில்லை. முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தேன். கையிலிருந்த மண்வெட்டியை எடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் நீலத் திரை வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது, நீங்களே பாருங்கள். மரகதத்துக்கு நான் தர வேண்டியது இந்த ஒரு போட்டோதான். இன்னும் தரவில்லை.