எழுந்தால் அவுட்

விதிப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற பொறுமை எங்கள் வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு, ஐயா. மற்றவர்கள் பெட்டியைப் பிரித்ததும் ஆளுக்கொரு நிறத்தில் காய்களைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

விடுமுறைக்கு விடுமுறை ஒரு புது பலகை விளையாட்டு வாங்கி வருவது என் பொறுப்பு. அம்மா, தம்பி, தங்கை, நான் என்று நாலு பேர். பெட்டியிலும் நாலு பேருக்கு என்றுதான் போட்டிருக்கும். ஒருமுறை தம்பியும் தங்கையும் சண்டை போட்டுப் பலகையையே கிழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா ஒரு வழக்கம் வைத்தாள்: புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஆட்டம் முடியும்வரை எதிர்ப்பேச்சு கிடையாது.

பிறகு தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வந்த முதல் விடுமுறையிலேயே என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான்தான் ரூல்ஸைக் கரைச்சுக் குடிச்சவராச்சே. அவர் படிச்சுச் சொல்லட்டும், நாம ஆடுவோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான். நான் வாங்கி வந்த விளையாட்டுகளை நாலு வருடம் நின்றுகொண்டே படித்துச் சொன்னேன். அவர் ஜெயிக்கும்போதெல்லாம் என் தோளைத் தட்டுவார். "ஆடத் தெரியாதவங்கதான் மச்சான் அம்பயர் ஆவாங்க." அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்த முறை வாங்கியது துறைமுகம் கட்டுகிற விளையாட்டு. புத்தகம் வேற்று மொழியில் இருந்தது. ஒரு வாரம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பலகையை விரித்தோம். ஒருவர் ஆடி முடிக்க ஒரு மணல் கடிகாரம், இரண்டு நிமிடம். மாப்பிள்ளைக்கு வெற்றிக்கு மூன்று கப்பல்தான் பாக்கி.

அப்போதுதான் அவர் இடது கையைத் தடவ ஆரம்பித்தார். பிறகு தாடையை. மேல் உதட்டில் முத்து முத்தாக வியர்வை.

நான் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவன், ஐயா. பத்தொன்பது வருடமாக அந்தக் கையையும் அந்த வியர்வையையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டியில் ஏற்றினால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடம்.

"மச்சான், நெஞ்சு என்னமோ பண்ணுது. கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வரேன்" என்றார்.

"எழுந்தா அவுட், மாப்ள. ரூல் அப்படி" என்றேன்.

அவர் தோற்பதற்குப் பிறந்தவர் இல்லை. அது எனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, இப்படி வேர்க்குது?" என்று தங்கை பதறினாள். "ஆட்டம் கெடக்குது அண்ணா, நிறுத்திரலாமா?"

"கேஸ்தாம்மா. சாப்பிட்ட உடனே குனிஞ்சு உட்கார்ந்தா அப்படித்தான். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை" என்றேன்.

அவள் கூட்டி வைத்தாள். ஆஸ்பத்திரிக்காரன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? நான் மணல் கடிகாரத்தைத் திருப்பிவைத்தேன். மொத்தம் பதினோரு தடவை திருப்பினேன். கடைசிக் கப்பலை வைக்கக் கையை நீட்டினவர் அப்படியே பலகைமேல் சாய்ந்தார். காய்கள் தரையெல்லாம் சிதறின. அதன்பிறகு நான்தான் நெஞ்சை அழுத்தினேன், நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தங்கை என் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

புத்தகத்தை ஆள் வைத்துப் படிக்கச் சொன்னீர்களாம். பதினாறு பக்கத்தில் எங்கேயும் எழுந்தால் அவுட் என்று இல்லை என்கிறீர்கள். இல்லைதான். அவர் கையைத் தடவியதைப் பார்த்த பிறகு நான் உண்டாக்கிய விதி அது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. நான் அவரைக் கட்டிப்போடவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து போயிருந்தால் தோற்றிருப்பார், அவ்வளவுதான். ஒரு விளையாட்டு, ஐயா. அதைப் போய் ஒரு மனிதன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா?