நாலாவதாக ஒரு கல்

மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நான் அதைத்தான் சொன்னேன். வேறு தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

உப்பிலி என் தம்பி. சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கு மகாபலிபுரம் கோயில் கைங்கர்யத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. தம்பியை வளர்த்ததில் என் கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. அவன் கல்பாக்கத்தில் வேலைக்குப் போனான், சுப்ரஜாவைக் கட்டிக்கொண்டான். தொண்ணூற்றைந்தில் ஷ்ரவண் பிறந்தான். அவளும் ஆபீசுக்குப் போகிறவள். பெற்றது அவள், குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்தது நான். என் கையால் பிசைந்தால்தான் அவனுக்குச் சாதம் இறங்கும்.

சுப்ரஜா நல்ல பெண்தான், குரலை உயர்த்திப் பேசமாட்டாள். ஆனால் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போடச் சொன்னது அவள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்கள். இவள் என்னை விரட்டவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பினாள். எனக்கு வயிறு எரிந்தது. "ரொம்ப நல்லதும்மா" என்றேன்.

ஆடியில் வீடு மாறக் கூடாது என்றேன்; கேட்டுக்கொண்டார்கள். ஆவணியில் நாள் பார்த்தபோது குழந்தைக்குப் பேதி. விளக்கெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். துவண்டுபோய் என் மடியை விட்டு இறங்காமல் கிடந்தான். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. புரட்டாசியும் ஆகாது என்று தள்ளினேன். ஐப்பசிக்கு என்னிடம் சாக்கு இல்லை.

அன்றைக்குச் சடையப்பன் டெம்போவை வாசலில் நிறுத்திக் கட்டில், பீரோ எல்லாம் ஏற்றிவிட்டான். "இன்னாம்மா, மழ வர்ற மாதிரி கீது. சீக்கிரம் கெளம்பச் சொல்லு" என்று குரல் கொடுத்தான். உப்பிலி வெளியே கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சுப்ரஜா சமையலறையில் பால் காய்ச்சுகிற பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரா போகாதேங்கோ" என்றேன். "நானும் வரேன். பாலைக் காய்ச்சிட்டு அங்கேயே இருந்து குழந்தையைப் பாத்துக்கறேன்."

அவள் சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கு அக்கா சிரமம்? ஒரு கல்லை எடுத்துக் கையில வெச்சுண்டா நாலாயிடும். எங்காத்துல அப்படித்தான் பண்ணுவா."

அவள் சொன்னது சரி. எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் இடத்துக்கு ஒரு கல் போதும்.

அம்மிக் குழவியை எடுத்தேன். அவள் குனிந்து ஷ்ரவணுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். முதல் அடிக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா" என்றாள். மரியாதை தெரிந்த பெண். அடுத்த அடியில் மண்டை பிளந்தது. பேச்சு நின்ற பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் சிற்பக்கூடத்து உளிச் சத்தம்தான். கல் மோதுகிற ஓசையை யார் கவனிக்கப் போகிறார்கள்?

உப்பிலி உள்ளே வந்தான். நான் நிதானமாகத்தான் பேசினேன். "இப்போ ரெண்டே பேர்தாண்டா. ரெண்டு பேருக்கு எதுக்குத் தனியா ஒரு வீடு? சாமானை இறக்கச் சொல்லு."

முகமெல்லாம் அம்மாவின் ரத்தம் தெறித்து நின்ற பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

நேற்றிலிருந்து குழந்தை யார் கொடுத்தாலும் சாப்பிடவில்லை என்று உங்கள் ஏட்டம்மா சொன்னார். எப்படிச் சாப்பிடுவான்? என் பெயரைச் சொன்னாலே அலறுகிறான் என்கிறார். என் கை அன்றைக்கு இருந்த இருப்புக்குக் குழந்தை மிரளாமல் என்ன செய்யும்? இப்போது சோப்புப் போட்டு நன்றாக அலம்பிவிட்டேன், பாருங்கள். கொஞ்சம் தயிர் சாதம் வரவழைத்து, அவனை என்னிடம் கூட்டி வாருங்கள்.