பிரேக் சாரின் படப் புத்தகம்

லேமினேஷன் செய்த அட்டையை வெட்டும்போது முனைகளை வளைவாக வெட்ட வேண்டும். கூராக விட்டால் கையைக் கிழித்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சியாளர். என்மேல் உங்கள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருப்பவரும் அவர்தான். எனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் இல்லை. நீங்கள் படிக்கக் கொடுத்தீர்களே, அந்தப் புகாரில் மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.

பழக்க தோஷம். முப்பது வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். எழுதுகிறவர்கள் சேர்ப்பார்கள், நான் எடுப்பேன். எடுத்தது தெரியாமல் எடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன்மேலிருந்து காலை எடுக்கவே மாட்டார். அதனால் பிள்ளைகள் அவருக்கு 'பிரேக் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அவர் பக்கம் ஒரு பிரேக் இருந்தது. நான் வெங்காயம் நறுக்கினால் பக்கத்தில் வந்து நின்று, "மெதுவா. கத்திய அப்படியா பிடிப்பாங்க?" என்பார். பால் பாத்திரத்தோடு திரும்பினால், "திரும்பறதுக்கு முன்னாடி பின்னால பாக்க மாட்டியா?" என்பார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், எனக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு நிதானம் போதாதாம்.

அவர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பேசுவார், அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஆரம்பித்த வாக்கியங்களில் எத்தனையை நானே முடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் ஞாபகம் வந்தது. ஒருமுறை தொலைபேசியில் "இது நீங்க கேட்ட நம்பர் இல்லைங்க" என்று சொன்னேன். அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

குளியலறையிலிருந்துதான் அதுவும் வந்தது. போன வருடம் ஒரு காலையில், உள்ளேயிருந்தே, "சோப்ப எப்பவும்" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் சத்தம் இல்லை. சோப்பை எப்பவும் என்ன செய்ய வேண்டும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவை உடைத்துத் தூக்கினோம். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது. "மெதுவா."

தண்ணீர் வேண்டுமென்றாலும் மெதுவா, கோபம் வந்தாலும் மெதுவா, யாரைப் பார்த்தாலும் மெதுவா. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸ், என்ன நாகரிகமான மனிதர் என்று மெச்சிக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சியாளர் என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்ல வேண்டியதும் உள்ள இருக்கு. வார்த்தைதான் வாய்க்கு வரல. தலையாட்டறதும் சைகையும் அவருக்கு மாறி மாறிப் போகும், படத்தக் காட்டினாத்தான் சரியா சொல்வாரு. அறிவு போயிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

நான் நம்பவில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது என்பது கடைசிவரை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் படப் புத்தகம் செய்தோம். அறுபத்து நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், அடியில் ஒரு சொல். வளையத்தில் கோத்தால் புத்தகம். தலை, தோள், வயிறு, பாதம் என்று உடம்பு தனியாக. செருப்பு, போர்வை, மின்விசிறி, கழிப்பறை. 'சூடு' என்பதற்கு எரிகிற அடுப்பு. வலி எவ்வளவு என்று காட்ட, சிரிப்பில் ஆரம்பித்து அழுகையில் முடிகிற ஆறு முகங்கள். வீட்டு ஆட்களின் புகைப்படங்கள். ஆம் என்பதற்குப் பச்சை, இல்லை என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. டாக்டர் கேட்கிற கேள்விக்கு நோயாளி விரலை வைத்துப் பதில் சொல்லலாம், தானே கேள்வியும் கேட்கலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது.

கடைசி அட்டையில் வெறும் கேள்விக்குறி. பயிற்சியாளர் சொன்னார், "இதுக்கு அர்த்தம், 'நான் சொல்ல வர்றது இந்தப் புத்தகத்துல இல்ல'ங்கறது. இருக்கறதுலயே இதுதாம்மா முக்கியம். இது இல்லன்னா, நாம வரைஞ்சு குடுத்தத மட்டும்தான் அவரால சொல்ல முடியும்."

ஆறு வாரத்தில் அவர் பழைய பேச்சாளர் ஆகிவிட்டார். இடது கை ஆள்காட்டி விரல் நகத்தால் அட்டையைத் தட்டுவார். டொக், டொக். அதிகம் தட்டியது கேள்விக்குறியைத்தான். உடனே நான் ஆரம்பிக்க வேண்டும். சமையலறையிலயா? இல்லை. தெருவுலயா? இல்லை. நான் ஏதாவது செஞ்சேனா? ஆம். எப்போதும் ஆம். ஒருநாள் முக்கால் மணி நேரம் இப்படிக் கேட்டு முடித்தபின், நான் மாட்டிய காலண்டர் அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது, "வீட்ல எல்லாம் எப்படி இருக்கு சார்?" என்று பேச்சுப் பயிற்சியாளர் கேட்டார். அவர் என் புகைப்படத்தைத் தட்டினார். பிறகு காதை. பிறகு சிவப்புப் பெருக்கல் குறியை.

"அம்மா சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கறாங்களா?"

பச்சையைத் தட்டினார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, வளையத்தைத் திறந்து, கேள்விக்குறி அட்டையை எடுத்துவிட்டேன்.

கிழிக்கவில்லை. மூலப்பிரதியைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஒரு காகித உறையில் போட்டுவைத்தேன். நீங்கள் என் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போன உறை அதுதான்.

இரண்டு நாள் தேடினார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "என்னங்க தேடறீங்க? இருக்கறத வச்சுச் சொல்லுங்க, போதும்." முழு வாக்கியம். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. வாய் இனித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மாதமே பேச்சுப் பயிற்சியாளர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். பதிலுக்கு யாரையும் போடவில்லை. அதற்காக ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அடுத்ததாக உப்பு அட்டையை எடுத்தேன், ஏனென்றால் சமையலில் எனக்கு இனிப் பாடம் தேவைப்படவில்லை. மின்விசிறியை எடுத்தேன். பிறகு ஒருநாள் 'இல்லை'யை எடுத்தேன். ஒரு மனிதரால் இல்லை என்று சொல்ல முடியாமல் போனால் அவர் எவ்வளவு இனிமையானவர் ஆகிவிடுகிறார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோள் வலிக்கிறது என்று காலை முதல் மாலைவரை அழுகிற முகத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். தோள் கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெரிந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது நடைக் குற்றம். ஆறு முகங்களில் மூன்றை எடுத்தேன். சிரிக்கிற மூன்று மீதி இருந்தன. உடம்புப் பக்கத்தில் தலையும் கையும் மட்டும் போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் என் நாத்தனார் வருவாள். அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் என்றால் உயிர்.

"வலி இருக்கா அண்ணா?" என்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருப்பதில் குறைவாகச் சிரிக்கிற முகத்தில் விரலை வைப்பார்.

"பாத்தீங்களா அண்ணி, சிரிக்கறாரு. அண்ணன் இவ்வளவு சாந்தமா இருந்து நான் பாத்ததே இல்ல. உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்."

நான் வேண்டாம் என்றேன்.

அந்த நாட்களில்தான் நான் கார் ஓட்டக் கற்றேன். அவர் பள்ளியில் இன்னொரு பயிற்சியாளர் உண்டு, அவரிடம். முதல் தடவையே உரிமம் கிடைத்துவிட்டது. உரிமத்தைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "மெதுவா," என்றார். அது பாராட்டா என்று கேட்க அவரிடம் அட்டை இல்லை.

செருப்பு விஷயம் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. செருப்பு அட்டையைத் தட்டினார். உடனே அடுப்பு அட்டையை. திரும்பவும் செருப்பு. செருப்பு, அடுப்பு, செருப்பு, அடுப்பு. அன்று மாலை தொலைபேசியில் நாத்தனாரிடம், "உங்க அண்ணனுக்குப் புதுச் செருப்பு வேணுமாம்," என்றேன். "அடுப்பு எதுக்கு அண்ணி?" "பசிக்குது போல." அவள் மறுநாளே மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தாள். இடது கையால் எடுத்துச் சுவரில் எறிந்தார். நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மாற்றிக்கொண்டு வந்தாள். அதையும் எறிந்தார்.

ஐந்து நாள் இப்படியே போனது. தட்டித் தட்டி அந்த இரண்டு அட்டைகளின் லேமினேஷனும் பிரிந்துவிட்டது. ஆறாம் நாள் இரண்டையும் எடுத்து உறையில் போட்டேன். பிறகு போர்வையைத் தட்டினார், எடுத்துவிடு என்பதுபோல் கையை வீசினார். குளிருகிறது என்று வைத்துக்கொண்டு கம்பளிக் காலுறை போட்டுவிட்டேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர் வந்தார். நல்லவர், ஆனால் அன்று இன்னும் ஏழு வீடு பாக்கி. ரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். முறைப்படி புத்தகத்தை விரித்துவைத்து, "உடம்புல எங்கயாவது தொந்தரவு இருக்கா சார்?" என்று கேட்டார். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடியே, நிறுத்தி, முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அதில் அவர்மேல் தப்பில்லை.

என் கணவர் பக்கங்களைப் புரட்டினார். தலை, கை. புரட்டினார். சிரிக்கிற முகங்கள். முதலிலிருந்து திரும்பப் புரட்டினார். பிறகு புத்தகத்தைத் தள்ளிவிட்டு, டாக்டர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பிடித்து இழுத்தார். "மெதுவா. மெதுவா. மெதுவா."

டாக்டர் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். "ஆமா சார். மெதுவாத்தான் சரியாகும். அவசரப்படக் கூடாது."

வாசலில் என்னிடம், "மனசளவுல நல்லா இருக்காரும்மா," என்றார்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸ் எதற்கு என்று நானே காரில் ஏற்றினேன். அவர் பக்கம் பிரேக் இல்லை. ஆஸ்பத்திரி வரை ஒரு சிவப்பு சிக்னலைக்கூடத் தாண்டவில்லை, ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. அங்கே ஒரு நர்ஸ் இடது காலுறையைக் கழற்றினாள்.  அறையில் இருந்தவர்கள் மூக்கை மூட வேண்டும் என்று தோன்றியும் மூடாமல் நின்றார்கள், அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பேச்சுப் பயிற்சியாளர் கைக்குழந்தையோடு துக்கம் விசாரிக்க வந்தார். நாத்தனார் அழுதுகொண்டே அவரிடம் செருப்புக் கதையைச் சொன்னாள். பாவி நான், அண்ணன் கடைசியாகக் கேட்ட செருப்பைக்கூட மனசுக்குப் பிடித்த மாதிரி வாங்கித்தர முடியவில்லையே என்று. பயிற்சியாளர் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"செருப்பும் அடுப்புமா?"

"ஆமா. மாத்தி மாத்தி அதையேதான்."

"பாத அட்டை இருக்குமே, அத ஏன் காட்டல?"

எழுந்துபோய்ப் படப் புத்தகத்தை எடுத்து எண்ணினார். பத்தொன்பதுதான் இருந்தன. என்னைப் பார்த்தார். "கால் எரியுதுன்னு சொல்லியிருக்காரும்மா," என்றார். மெல்லத்தான் சொன்னார், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுதாக விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

என் வக்கீல், "எனக்கு எதுவும் புரியல, அவ்வளவுதான்னு சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்கிறார். ஊமைப் படத்துக்கு ஆயிரம் அர்த்தம் சொல்லலாமாம், கோர்ட்டில் நிற்குமாம். நிற்கலாம். ஆனால் தப்பான வாக்கியத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

அந்தத் திங்கட்கிழமையே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் இரண்டாம் முறை அடுப்பைத் தட்டியதும் குனிந்து பாதத்தைப் பார்த்தேன். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு புண், மிளகு அளவு, விளிம்பு கறுத்திருந்தது. சர்க்கரை உள்ளவர் காலில் அது என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொருளில் ஒரு மருத்துவக் கையேட்டுக்கு இரண்டு முறை பிழை திருத்தியிருக்கிறேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பச்சையைத் தட்டினார், ஆம், ஆம் என்று. அதன் பிறகு தினமும் பார்த்தேன். காலுறை மாற்றுகிற ஒவ்வொரு முறையும்.

இதை எழுதி முடித்ததும் ஓர் உதவி செய்யுங்கள். நாத்தனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் என்ன சொன்னாரென்று ஒருத்தருக்கும் புரியாமலே போய்ச்சேர்ந்துவிட்டாரே என்று சாப்பிடாமல் அழுகிறாளாம். அவளிடம் போய்ச் சொல்லுங்கள், அப்படியெல்லாம் இல்லை, எனக்குப் புரிந்தது என்று. கட்டிய பெண்டாட்டிக்குக்கூடப் புரியாமலா இருக்கும். கேட்டால் அவள் மனசு கொஞ்சம் ஆறும்.