வாடிய பூக்களும் ஜாடியில் ஒரு கறையும்

என் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்துமூன்று. படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாகக் கையால் நகல் வரைந்து கொடுக்கிறேன். கடைத்தெருவில் 'நகல் அக்கா' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தேன். இப்போது மணி மூன்று. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், பசியோடு, இதைச் சொல்கிறேன். 'பசியோடு' என்பதையும் எழுதச் சொன்னேன், எழுத்தர் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், முன்பு எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவந்துகொண்டிருந்த, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட தபால்காரர், தலையணை உறையில் சுற்றிய ஓர் அட்டையோடு கடைக்கு வந்தார். உறையைப் பிரித்ததும் படம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பழுப்பும் சிவப்பும் குழம்பிக் கிடந்தன. இடது ஓரத்தில், சட்டத்துக்கு அடியில் இருந்த ஒரு விரல் அகலத்தில் மட்டும், ஒரு பூவின் பாதி தப்பியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி சாவதற்குச் சில நாட்கள் முன்னால் வரைந்த படம் என்றார். ஜாடியில் புதுப் பூ வைத்துத்தான் ஆரம்பித்தாராம். நாளுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லையாம். "அவ முடிக்கிறதுக்குள்ள பூ வாடிப்போச்சும்மா. வேற வாங்கித் தரேன்னேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும்னுட்டா."

அதன் பிறகு, படத்துக்கு என்ன ஆனது என்று கேட்டேன். கண்ணாடி விரிசல் விட்டதால் கழற்றியதாகவும், ஜாடியின் மேல் காக்கி நிறத்தில் ஒரு கறை தெரிந்ததாகவும், உலர்ந்த துணிக்குப் போகாததால் துணியை நனைத்துத் தேய்த்ததாகவும், கறையோடு ஜாடியும் போய்விட்டதாகவும், பதறிப்போய்த் துடைக்கத் துடைக்கப் பூக்களும் போய்விட்டதாகவும் சொன்னார். அது தண்ணீரில் கரையும் வண்ணம். அவருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். படத்துக்குக் கண்ணாடி இருந்த காலத்தில் ஃப்ளாஷ் போட்டு அவரே எடுத்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போகப்போவதாகவும், படத்தை மகனும் கேட்கிறான், மகளும் கேட்கிறாள் என்றும், போட்டோவைப் பார்த்து இரண்டாக வரைந்து தர வேண்டும் என்றும், அசல் பாழானது பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்றும் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்குச் சத்தியத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் மனிதர் நின்ற நிலையைப் பார்த்துச் சரி என்றேன். பாழான அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போக மனம் வராமல் என்னிடமே விட்டுப் போனார்.

நான் வேலை செய்யும் விதத்தை ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். போட்டோவைத் தலைகீழாக வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிறம் இருக்கிறதோ அதை மட்டும் வைப்பேன். நேராக வைத்தால் கை தனக்குத் தெரிந்த பூவை வரைந்துவிடும். ஜாடியின் தோளில் ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது, வெள்ளை வைத்தேன். இரண்டிலும் வைத்தேன். அது கண்ணாடியில் பட்ட ஃப்ளாஷ் வெளிச்சம் என்று எனக்கு உறைக்கவில்லை. இருபத்தாறு வருட அனுபவம் என்று மேலே சொன்னதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு பெரியவர் படங்களை வாங்கிச் சென்று, ஒன்று அசல், ஒன்று நகல் என்று பொதுவில் சொல்லிவிட்டு, "உன்கிட்ட இருக்குறதுதான் அசல், வெளிய சொல்லாத" என்று மகனிடமும் மகளிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். இந்த யோசனை என்னுடையது அல்ல. மகள் படத்தை மாட்டிய அன்றே வெள்ளைப் பொட்டைப் பார்த்திருக்கிறார். அம்மா வரைந்ததில் அந்த இடத்தில் வேறொன்று இருந்தது, அசலைப் பார்த்தால் அது என்னவென்று சொல்வேன், அண்ணனும் நகல் வரைபவரும் சேர்ந்து அசலை மாற்றிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். அண்ணன் தன்னிடம் இருப்பதுதான் அசல், அப்பாவே சொன்னார் என்றார்.

இன்று மத்தியானம் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தார்கள். இரண்டிலும் வெள்ளைப் பொட்டு இருந்தது. இதில் எது உங்கள் கை என்று ஆய்வாளர் கேட்டார். பெரியவர் சுவரோரப் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டியிருந்தால் நான் சாப்பிடப் போயிருக்கலாம், அண்ணனும் தங்கையும் இந்த ஜென்மத்தில் பேசிக்கொள்ள மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் பெரியவர் இனி எந்த முகத்தோடு மகன் வீட்டில் இருப்பார் என்று இருந்தது. கடைசியில், "ரெண்டுமே என் கைதான் சார்" என்று சொல்லி, பாழான அட்டையைச் சுற்றிப் பையில் கொண்டுவந்திருந்த தலையணை உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மகள் உறையைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பெரியவர் எழுந்து நின்று, "நான்தாம்மா தொடைச்சேன். ஜாடி மேல கறையா இருந்துச்சு, அது போகட்டும்னுதான்" என்றார். என்ன கறை என்று மகள் கேட்டார். காக்கியாக, சின்னதாக, நகம் அளவுக்கு என்று பெரியவர் விரலில் காட்டினார்.

"அது கறை இல்லப்பா. நீங்கதான். நீங்க வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நிப்பீங்க, அது ஜாடியில தெரியும். அம்மா கடைசியா வரைஞ்சது அதைத்தான். நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

பெரியவர் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. இதை எழுத வேண்டாம் என்றேன், எழுத்தர் எழுதிவிட்டார்.

அதன் பிறகு மகள் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பாழான அட்டையை அண்ணன், தங்கை இருவரும் கேட்டார்கள். அது பெரியவருடையது என்று சொல்லி அவர் மடியில் வைத்தேன். இரண்டு படங்களிலும் உள்ள வெள்ளைப் பொட்டைத் திருத்தித் தர ஒப்புக்கொண்டேன். இந்த முறை போட்டோ வேண்டாம், தலைகீழாகவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜாடி மகள் வீட்டில் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பெரியவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். பழைய காக்கிச் சட்டை பெட்டியில் இருக்கிறதாம், ஆனால் இப்போது பொத்தான் போட முடியாதாம். பரவாயில்லை, பொத்தான் தெரியாத அளவுக்குச் சின்னதாகத்தான் வரப்போகிறீர்கள் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மேற்கண்டதை எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னது இதுதான், நடந்ததும் இதுதான். எதையும் துடைக்கவில்லை. கீழே இருப்பது என் சொந்தக் கையெழுத்து.

(ஒப்பம்)
நகல் வரைபவர்